பாங்காக்கில் ஒரு மார்கழி ஊஞ்சல்

பாங்காக் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கொடுத்த பட்டியலில் ஷாப்பிங் மால், இரவுச் சந்தை, மசாஜ், யானை எல்லாம் இருந்தன. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "அங்க திருவெம்பாவை பாடுவாங்களாமே, அந்த இடத்தக் காட்டுவியா?" எங்கேயோ சொற்பொழிவில் கேட்டிருக்கிறார். மார்கழியில் விடியற்காலை எழுந்து கோலம் போட்டு, பாவைப் பாட்டு முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பவர். அவரையும் கூட்டிக்கொண்டு டிசம்பர் கடைசியில் கிளம்பினேன்.

முதல் நாள் அரண்மனை. 1782-இல் மன்னர் முதலாம் ராமா தலைநகரை ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது கட்டத் தொடங்கியது. மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, "இன்று பூஜை, மதியம் வரை மூடல்" என்று சொல்லி ஆட்டோ மாதிரியான துக்துக் ஒன்றில் ஏற்றிவிட்டார். அது போய் நின்றது நகைக்கடை வாசலில். ஒன்றரை மணி நேரம் போயிற்று. அரண்மனை காலையிலிருந்தே திறந்துதான் இருந்தது. வயதான அம்மாவை வெயிலில் அலைய விட்டது எனக்கு இன்னும் மனசை அறுக்கிறது. மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நேராக வாசலுக்குப் போய், டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை கட்டாயம். அம்மாவின் புடவைக்கு எந்தத் தடையும் இல்லை.

உள்ளே மரகத புத்தர் கோயிலின் சுற்றுப் பிராகாரத்தில் 178 சுவரோவியங்களாக ராமாயணம் ஓடுகிறது. அவர்கள் அதை ராமகியன் என்கிறார்கள். கோட்டையாக உடலைப் பெருக்கி, ராமனின் முகாமையே வாய்க்குள் வைத்துக் காக்கும் அனுமனின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். நம் கம்பனில் இல்லாத அனுமன். வாத் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். கண்ணைவிட அங்கே காதுக்குத்தான் வேலை. பின்சுவரை ஒட்டி 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே மக்கள் நகர்கிறார்கள். டிங், டிங் என்று மண்டபம் முழுக்கச் சில்லறை மழை.

மறுநாள்தான் அம்மா கேட்ட இடம், ஊஞ்சல். மெட்ரோவில் சாம் யோட் நிலையத்தில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம். போகும் வழியில் பம்ருங் முவாங் சாலை. இரண்டு பக்கமும் சாமி சாமான் கடைகள். ஆளுயரப் பொன்னிற புத்தர்கள் பாலிதீன் உறைக்குள்ளிருந்து தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வாசலில் அண்டாக்கள் அடுக்கியிருப்பார்களே, அந்த வரிசைதான். தெரு முடிகிற இடத்தில், போக்குவரத்துக்கு நடுவே, ஆறேழு மாடி உயரத்துக்கு இரண்டு சிவப்புத் தூண்கள். மேலே செதுக்கு வேலையோடு குறுக்கு விட்டம். சாவ் சிங் ச்சா என்பது பெயர், ஊஞ்சல் தூண் என்று பொருள்.

அண்ணாந்து பார்த்த அம்மா, "ஊஞ்சல்ங்கிற, பலகையக் காணோமே?" என்றார்.

பலகை இருந்த காலம் உண்டு. 1784-இல் முதலாம் ராமா, பக்கத்திலிருக்கும் பிராமணர் கோயிலான தேவஸ்தானோடு சேர்த்து இதை நிறுவினார். ஆண்டுக்கு ஒருமுறை சிவன் பூமிக்கு இறங்கி வருவதாக ஐதீகம். அவரை வரவேற்க இளைஞர்கள் பலகையில் ஏறி உந்தி உந்தி ஆடி, மூங்கில் கழி உச்சியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்தவர்களும் உண்டு. 1930-களில் ஆட்டம் நின்றுபோனது. இப்போது நிற்பது தேக்கு மரத்தில் புதிதாகச் செய்து 2007-இல் நிறுத்தியது.

ஆட்டம் நின்றாலும் பாட்டு நிற்கவில்லை. விழாவின் பெயர் திரியம்பவாய் திரிபவாய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், திருவெம்பாவையும் திருப்பாவையும் வந்து நிற்கும். அரசவைப் பிராமணர்கள் கிரந்தத்தைப் போன்ற எழுத்தில் எழுதிவைத்த ஏட்டைப் பார்த்து இன்றும் தேவஸ்தானுக்குள் ஓதுகிறார்கள். பல தலைமுறை வாய்மாறி உச்சரிப்பு உருமாறிவிட்டது, பொருளும் அவர்களுக்குத் தெரியாது. பொருள் தெரியாத ஒரு மொழியை இருநூறு ஆண்டுக்கு மேல் கைவிடாமல் ஓதுவதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நம் வீடுகளில் பொருள் தெரிந்தே எத்தனை பேர் விட்டுவிட்டோம்!

மாணிக்கவாசகரின் பொன்னூசல் பதிகத்தில் ஊஞ்சலுக்குப் பவளக் கால், முத்துக் கயிறு, பொற்பலகை. இங்கே கயிறும் பலகையும் போய்விட்டன, பவள நிறக் கால்கள் மட்டும் வெயிலில் பளபளக்கின்றன. இதைச் சொன்னதும் அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி நடைமேடையில் நின்று, மெதுவாகப் பாவைப் பாட்டைத் தொடங்கினார். பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. முதல் இரண்டு பாட்டு முடியும் வரை நானும் செருப்பில்லாமல்தான் நின்றேன். அந்த ஆண்டு விழா நாங்கள் ஊர் திரும்பிய பிறகு. போக நினைப்பவர்கள் தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள், சாந்திரக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

சாப்பாட்டு விஷயம்: சைவத்துக்கு "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் பலகை தொங்கும் கடையில் மீன் சாஸ் பயம் இல்லை. அம்மாவுக்குப் பிடித்தது மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும்.

சிலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். எங்களுக்கு முன்னால் பூத்தட்டோடு நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்.

திரும்பும்போது சுவர்ணபூமி விமான நிலையம். குடியகல்வுச் சோதனை தாண்டியதும் பாற்கடல் கடையும் காட்சி, நீளச் சிற்பமாக. விமானத்துக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. அம்மா வாசுகியின் தலையிலிருந்து வால் வரை நிதானமாக நடந்து, திரும்பி வந்தார்.

"தலைப் பக்கம் அசுரர், வால் பக்கம் தேவர். சரியாத்தான்டா வச்சிருக்காங்க."