வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும் ஓய்வுநாள்

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். 2021இல் குடும்பமாக ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தோம். அன்றிலிருந்து சனிக்கிழமைதான் எங்கள் ஓய்வுநாள். தோட்டத்திலோ சனிக்கிழமை வேலை நாள், ஞாயிறுதான் லீவு. இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் கஷ்டம் பேர், அதாவது ஒரு நாள் வேலைக்குப் பதியும் கணக்கு. நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆன வருடம் அது. மாதத்தில் அப்படி நாலு நாள் பேர் குறைந்தால் கடைக் கணக்கிலேயே தெரியும். "எல்லாரும் இப்படிக் கேட்டா மலையை யாரு பாக்குறது?" என்றார் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பெரட்டு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் கூட்டம், முடிந்ததும் தோட்டத்து நிர்வாகியான துரையிடமே போனேன். சனிக்கிழமை பேர் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குத் தவறாமல் வருகிறேன் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் சரி என்றார். கைக்காசு என்பது நாள் சம்பளம் இல்லை, எடுக்கும் கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு. கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் ஓரளவு ஈடாகும், வறட்சியில் ஆகாது. அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்கினோம்.

வெள்ளி பொழுது சாய்வதிலிருந்து சனி பொழுது சாயும்வரை ஓய்வுநாள். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேற்கே சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகள் நிற்பதால் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். பனி மூடினால் அதுவும் தெரியாது. அதனால் போனில் அஸ்தமன நேரத்தைப் பார்த்துக்கொள்கிறோம். நவம்பரில் 5.50 வாக்கில், ஜூலையில் 6.30 வாக்கில்.

கடைசி நிறை போட்டு வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகிவிடும். மிச்சம் ஒரு மணித்தியாலம். அதற்குள் விறகு, தண்ணீர், சமையல், துணி எல்லாம் என்றால் முடியுமா? முதல் சில வாரம் சண்டையோடுதான் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அப்புறம் துணியையும் விறகையும் வியாழனுக்கு மாற்றினேன். பனியில் துணி காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைக்கிறேன். வெள்ளிக்கிழமை பீலியில், அதாவது மலையிலிருந்து தண்ணீர் விழும் குழாயில், தண்ணீர் பிடித்து, சோறும் பருப்பும் கிழங்குப் பிரட்டலும் இரண்டு நாளுக்குச் சேர்த்து ஆக்கிவிடுவேன். வனாந்தரத்தில் ஆறாம் நாளில் மட்டும் மன்னாவை இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னது எதற்கு என்று அந்த அடுப்படியில்தான் எனக்குப் புரிந்தது.

இவ்வளவும் செய்துவிட்டு சனிக்கிழமை என்ன செய்தோம்? சபைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, பொழுது போகும்வரை தூங்கினோம். உடம்பு அப்படிக் கேட்டது, பொய் சொல்லவில்லை. மாமிதான் ஒரு நாள் கேட்டார்: "ஏன் புள்ள, தூங்குறதுக்கா துரைகிட்ட மூணு தடவ போன?" அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஓய்வுநாளுக்கான பாட்டு என்றே தலைப்பிட்ட சங்கீதம் ஒன்று இருக்கிறது, 92ஆம் சங்கீதம். காலையில் கர்த்தருடைய கிருபையையும் இரவில் அவருடைய சத்தியத்தையும் அறிவிப்பது நல்லது என்று அதில் வரும். அதையே எங்கள் ஒழுங்காக வைத்துக்கொண்டோம். வெள்ளி இரவு குடும்பமாக வசனமும் பாட்டும். சனி காலை ஓய்வுநாள் பாடசாலை, ஆராதனை. மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்து, லயத்தில் நோயாக இருப்பவர்களைப் பார்த்து ஜெபித்துவிட்டு வருவோம். மகனுடைய சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு மட்டும் இன்னும் இழுபறிதான். கூட்டாளியின் கொப்பியை ஞாயிற்றுக்கிழமை வாங்கி எழுதுகிறான்.

ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு அக்காவை மலையில் குளவி கொட்டிவிட்டது. நான்தான் அவரோடு லொறியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆராதனை தவறிப்போனது. இரவு மனம் சங்கடப்பட்டபோது மத்தேயு 12ஐ எடுத்து வாசித்தேன். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று இயேசு கேட்கிறார். அன்றைய நாளையும் நான் கர்த்தருக்குத்தான் கொடுத்தேன் என்று நம்புகிறேன்.

மாமிக்கு எழுத்து தெரியாது. மகன் வாசிக்க வாசிக்கக் கேட்டே அந்தச் சங்கீதத்தை மனப்பாடம் செய்துவிட்டார். சனி பொழுது சாயும்போது அவர்தான் சொல்வார். நடுவில் ஓரிடத்தில் சிக்கும், மகன் எடுத்துக் கொடுப்பான். அது முடிந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கூடையையும், இடுப்பில் கட்டும் படங்கையும் எடுத்து வைப்பேன்.