கறுப்பி அழவில்லை

கறுப்பிக்கு எட்டு வயது. நாட்டு நாய், எடை 15 கிலோ. கடந்த மார்கழியில் இரண்டு நாட்கள் சாப்பாட்டை முகர்ந்தும் பார்க்காமல், கிணற்றடித் தொட்டித் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, உடனே அகற்றாவிட்டால் உயிர் தங்காது என்றார்கள். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிலையத்தில் அன்றைக்கே இரத்தம் சோதித்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் பாடு அதன் பிறகுதான் தொடங்கியது. மறுநாள் மாலை அவளையும் ஒரு சிறிய மருந்துப் போத்தலையும் கையில் தந்து, "சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு நோகிறதா இல்லையா என்று எதைப் பார்த்து அறிவது? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொக்குவில் வீட்டு விறாந்தையில் பனையோலைப் பாய் விரித்து அவளை விட்டோம். அப்பா ஆடு மாடுகளோடு வளர்ந்தவர். "கொஞ்சம் நோ இருந்தால்தான் அசையாமல் கிடக்கும், தையலும் பிரியாது" என்றார். ஊரில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கறுப்பியும் அழவில்லை, முனகவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலையும் ஆட்டினாள். நல்லபடியாக இருக்கிறாள் என்று நானும் நம்பிவிட்டேன்.

ஆனால் அவள் படுக்கவே இல்லை. முன்கால்களை ஊன்றி உட்கார்ந்தபடி இருந்தாள். தூக்கம் அழுத்த அழுத்தத் தலை தாழ்ந்துகொண்டே வரும். மூக்கு பாயைத் தொடும்போது திடுக்கிட்டு நிமிர்வாள். மறுபடியும் தலை தாழும். வெளியே மழை. உடல் நடுங்கியதைப் பார்த்துக் குளிர் என்று நினைத்து அம்மா தன் பழைய நூல் சேலையால் போர்த்திவிட்டார். காது சூடேறிய பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. அந்த இரவை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் தாங்குவதில்லை. எல்லாம் கண்ணெதிரே நடந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

காலையில் கஞ்சி வைத்தேன், தொடவில்லை. சாப்பிடாததால் மருந்தும் கொடுக்கவில்லை. மருந்து இல்லாததால் நோ கூடியது; நோ கூடியதால் மத்தியானமும் சாப்பிடவில்லை. இந்தச் சுழலுக்குள் நானே அவளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா இரக்கப்பட்டு, தன் முழங்கால் நோவுக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோபினாக் மாத்திரையைக் கொண்டுவந்து தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் பகுதியில் மாடுகளைப் பார்க்க வரும் கால்நடை வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் குரலே மாறிவிட்டது. "பிள்ளை, அதை உடனே எறியுங்கள். டைக்ளோபினாக், இபுபுரோபன் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்களிடம் இருக்கும் போத்தலிலும் அதே குடும்பத்து மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம்." பிறகு, அவள் உட்கார்ந்திருப்பதைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொன்னார். வைத்தியரைக் கண்ட பதற்றத்தில் நாய்கள் நோவை மறைத்துவிடுமாம். வீட்டில் தானாக இருக்கும்போது எடுத்தால்தான் உண்மை தெரியுமாம்.

ஒரு மணி நேரத்தில் அவரே வந்தார். வந்ததும் தொடவில்லை. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்பு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கயிற்றைப் பிடித்து நாலு அடி நடத்தினார். கடைசியில் தையலுக்கு 5 சென்ரிமீற்றர் தள்ளி இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். கறுப்பி வெடுக்கென்று உடலை இழுத்துக்கொண்டாள். சத்தம் இல்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஓர் அளவுகோலின்படி அவர் புள்ளி போட்டார். குரல், காயத்தைக் கவனிக்கும் விதம், நடை, தொட்டால் என்ன செய்கிறாள், மனநிலை, உடலின் இருப்பு என்று ஆறு பகுதிகள், மொத்தம் 24 புள்ளிகள். 6 வந்தாலே நோவுக்குக் கூடுதல் மருந்து தேவை. கறுப்பிக்கு 9. அதில் குரலுக்குப் பூச்சியம். அலறித் துடித்தால்கூடக் குரலுக்கு 24 இல் 3 தான் கிடைக்கும் என்றார். நான் இரவு முழுவதும் காத்திருந்தது அந்த மூன்றுக்குத்தான்.

வலுவான ஊசி ஒன்று போட்டார். அரை மணி நேரம் கழித்து அவள் முன்கால்களை மெல்ல நீட்டி, பக்கவாட்டில் சரிந்து, பெருமூச்சு விட்டுத் தூங்கினாள். அம்மா அழுதுவிட்டார். மாலையில் அவித்த மீனைப் பிசைந்த சோறு கொஞ்சம் சாப்பிட்டாள். இரத்தச் சோதனையில் சிறுநீரகம் சரியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, போத்தலில் இருந்த மெலொக்சிகாமைத் தொடரச் சொன்னார். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அவள் எடைக்கு 1.5 மில்லிகிராம், அந்தப் போத்தலில் அது சரியாக 1 மில்லிலீற்றர். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும், நோ தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதே நேரத்தில். வாந்தி வந்தாலோ மலம் கறுத்தாலோ, அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அவருக்குச் சொல்ல வேண்டும். சாப்பிடாவிட்டாலும் அப்படியே; நானாக முடிவெடுத்துக் காத்திருக்கக் கூடாது.

அப்பாவின் பேச்சுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நோவோடு கிடக்கும் உடல் தூங்காது, தின்னாது, புண்ணும் தாமதமாகவே ஆறும். அசையாமல் வைக்கத்தான் கயிறு இருக்கிறது.

அன்றிலிருந்து காலை 6, மத்தியானம் 12, மாலை 6, இரவு 10 மணிக்கு அதே அளவுகோலின்படி புள்ளி போட்டு ஒரு பள்ளிக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். மருந்தின் அளவை நான் மாற்றக் கூடாது. 6 புள்ளி வந்தால் தொலைபேசி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். "இடப்பக்கம் படுத்தாள். தையலைத் திரும்பிப் பார்த்தாள், நக்கவில்லை." "எழும்பும்போது முதுகு வளைந்திருந்தது." மூன்றாம் நாள் 4, ஐந்தாம் நாள் 2. நக்காமல் இருக்கப் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினோம். வீக்கத்துக்கு முதல் இரண்டு நாட்கள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பத்து நிமிடம் ஒற்றினோம். நான் வேலைக்குப் போன நேரங்களில் கொப்பியில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.

அது திருவெம்பாவைக் காலம். விடியப்புறத்தில் சங்கும் சேமக்கலமும் எங்கள் ஒழுங்கையால் போகும். ஒவ்வொரு வருடமும் அந்தச் சங்குக்குக் கறுப்பி படலையடியில் நின்று ஊளையிடுவாள். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் காதைக்கூட அசைக்கவில்லை. ஆறாம் நாள் விடிய, வாளி மாட்டிய தலையை நிமிர்த்தி நீளமாக ஊளையிட்டாள். அப்பா கொப்பியை எடுத்து நேரம் எழுதினார்: 4.40.