மூன்று செங்கல், ஒரு இன்ச் டேப்

போன வருஷம் பால் பொங்குவதற்குள் எங்கள் வீட்டு வாசலுக்குத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. சைரன் போடவில்லை, அந்த மட்டுக்கு மானம் தப்பியது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மன்னார்குடிப் பக்கம் வாசலில் செங்கல் அடுக்கிப் பானை வைத்தே பழகியவர், கேஸ் அடுப்பில் வைப்பதெல்லாம் பொங்கலா என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிய பகுதியில், வளைகுடாவின் கிழக்குக் கரையோரம். தனி வீடு, பின்னால் சின்னத் தோட்டம், மூன்று பக்கமும் மரவேலி. காலை ஏழு மணிக்குக் கொல்லையில் மூன்று செங்கலை வைத்து, கடையில் மூட்டையாக விற்கும் ஓக் விறகைப் பற்றவைத்தோம். பனியில் நனைந்த விறகு. எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். அந்தப் புகையும் மேலே போகாமல், பாய் விரித்தமாதிரி வேலி உயரத்திலேயே படர்ந்து பக்கத்து வீட்டுப் பக்கம் நகர்ந்தது.

வந்த வீரர்கள் மூன்று பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் பானையை எட்டிப் பார்த்து என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். இன்னொருவர் வேலியைப் பார்த்தார், வீட்டுச் சுவரைப் பார்த்தார், “தரையில் எரிகிற தீக்கு இந்த இடம் போதாது, அணைத்துவிடுங்கள்” என்றார். அடுப்பில் தண்ணீர் ஊற்றியபோது அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதிப் பொங்கல் உள்ளே கேஸ் அடுப்பில் வெந்தது.

“அடுப்பு பத்தவைக்கக்கூட கவர்மெண்ட்டக் கேக்கணுமாப்பா?”

கேட்டுப் பார்ப்போம் என்று இந்த வருஷம் நவம்பரிலேயே ஆரம்பித்தேன். கேட்க வேண்டிய இடம் ஒன்றல்ல, இரண்டு. ஒரே தீயை இரண்டு பேரும் வேறு வேறு கண்ணால் பார்க்கிறார்கள். எனக்கு அதைப் புரிந்துகொள்ளத்தான் நேரம் பிடித்தது.

முதலில் நகரத் தீயணைப்புத் துறையின் தடுப்புப் பிரிவு. அவசர எண் இல்லை, அலுவலக எண். “கொல்லையில் ஃபயர் பிட் வைக்கலாமா?” என்று கேட்டேன். வெளியே தீ மூட்டுகிற குழிக்கும் தொட்டிக்கும் இங்கே அதுதான் பெயர். எதிர்முனையில் இருந்த பெண், “தரையிலா, தொட்டியிலா?” என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு முக்கியமான கேள்வி அது ஒன்றுதான். கலிஃபோர்னியா ஃபயர் கோடில், அதாவது மாநிலத்தின் தீப் பாதுகாப்பு விதித் தொகுப்பில், 307ஆம் பிரிவு இதைப் பற்றியது. பல நகரங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன, சில இன்னும் இறுக்கியிருக்கின்றன. தொட்டி, கிரில் எதுவும் இல்லாமல் மூட்டுகிற சின்னத் தீக்கு அதில் ‘பொழுதுபோக்குத் தீ’ என்று பெயர். மூன்று அடி அகலம், இரண்டு அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். கட்டடத்திலிருந்தும் எரியக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 25 அடி தள்ளி இருக்க வேண்டும். சமையல், சமயச் சடங்கு, குளிர் காய்வது எல்லாம் அந்த ஒரே வரையறைக்குள் அடக்கம். ஆக, அம்மாவின் மூன்று செங்கல் அடுப்பு சட்டத்தின் கண்ணில் பொழுதுபோக்கு! இதை அவரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலை இன்ச் டேப்பும் கையுமாகக் கொல்லையில் இறங்கினோம். அம்மா ஒரு முனையை வேலியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அகலம் 42 அடி. மரவேலியும் எரியக்கூடியதுதான் என்பதால், இரண்டு பக்கமும் 25 அடி விட்டால் அதற்கே 50 அடி வேண்டும். நடுவில் தீ வைக்க இடமே இல்லை. “வேலியக் கழட்டிட்டா?” என்றார் அம்மா. வாடகை வீடு.

மறுநாள் திரும்பக் கூப்பிட்டுத் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். இரும்பில் செய்த, நகர்த்தக்கூடிய ஃபயர் பிட் என்றால் கணக்கே வேறு. பொதுவாகக் கட்டடத்திலிருந்தும் எரியக்கூடிய பொருளிலிருந்தும் 15 அடி. ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் மட்டும் இருக்கும் தனி வீடுகளுக்கு அந்த 15 அடியிலிருந்தும் விலக்கு. அதற்காகச் சுவரோரம் ஒட்டி வைக்கலாம் என்று அர்த்தமில்லை, பத்தடியாவது தள்ளி வையுங்கள் என்றார். தீ எரியும்வரை பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். தண்ணீர்க் குழாயோ தீயணைப்பானோ கை எட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். காற்றும் வறட்சியும் சேர்ந்து ரெட் ஃப்ளாக் எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் வெளியே எதுவும் பற்றவைக்கக் கூடாது. எங்கள் நகரில் இதற்குத் தனி பெர்மிட் இல்லை. அடுத்த நகரில் எப்படி என்று அந்த நகரத்தைத்தான் கேட்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில், டவுன்ஹவுஸில், இருக்கும் நண்பனுக்கு இந்த விலக்கு எதுவும் பொருந்தாது. தவிர, அவன் குடியிருப்புச் சங்கம் விறகுக்கே தடை போட்டிருக்கிறது.

தீயணைப்புத் துறை சரி என்றதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். “காற்றுக்கு வேறு ஆபீஸ்” என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

அது பே ஏரியா காற்று மாவட்டம், காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு. 1955இல் தொடங்கியது, ஒன்பது கவுண்டிகளுக்குப் பொறுப்பு. அவர்கள் வேலியையும் அடியையும் பார்ப்பதில்லை, புகையை மட்டும் பார்க்கிறார்கள். காற்றில் நுண்துகள், அதாவது பி.எம். 2.5, கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டும் என்று கணித்தால் ‘ஸ்பேர் தி ஏர்’ எச்சரிக்கை விடுவார்கள். அன்று வீட்டுக்குள் விறகுக் கணப்பும் எரிக்கக் கூடாது, வெளியே ஃபயர் பிட்டும் எரிக்கக் கூடாது. முதல் முறை மீறினால் விறகுப் புகை பற்றிய வகுப்பை முடிக்க வேண்டும், இல்லையென்றால் 100 டாலர். அடுத்த முறை 500 டாலர்.

இங்கேதான் ஒரு சொல் கைகொடுத்தது. அந்த ஆபீஸுக்குப் போன் செய்து ‘ஃபயர் பிட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும் எச்சரிக்கை நாளில் முடியாது என்ற பதில்தான் வந்தது. பானை வைத்துச் சமைக்கப் போகிறோம் என்றதும் அங்கிருந்த அதிகாரி, சமையல் தீ அந்தத் தடைக்குள் வராது, ஆனால் சமைத்து முடித்ததும் அணைத்துவிடுங்கள், சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தால் அது சமையல் இல்லை என்றார். சமையல் என்ற சொல்லுக்குத் தீயணைப்புத் துறையில் ஒரு மதிப்பும் இல்லை, இங்கே அதுதான் எல்லாம். எந்த நாளானாலும் குப்பை, பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த மரம் கூடாது. ஈர விறகும் கூடாது, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் போகிக்கு எடுத்து வைத்திருந்த பழைய பாயையும் உடைந்த நாற்காலியையும் அம்மா பார்த்தார். 2018 போகியன்று சென்னையில் புகையால் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போன கதையைச் சொன்னேன். “அது மெட்ராஸ்” என்றார். இரண்டும் குப்பைத் தொட்டிக்குப் போயின.

காலை ஏழு மணிப் புகை ஏன் படுத்தது என்பதையும் அந்த அதிகாரிதான் விளக்கினார். குளிர்கால இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கனமாகிவிடும். மேலே சூடான அடுக்கு ஒன்று மூடி போட்டமாதிரி நிற்கும். புகை அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி விலகும். பத்து மணிக்கு மேல் வைத்துப் பாருங்கள் என்றார்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு ஆஸ்துமா என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. போன வருஷம் போன் செய்தவர் அவர்தானா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மிச்சமிருந்த சிக்கல் நல்ல நேரம். அம்மா காலண்டரைப் புரட்டி விரலால் தடவிப் பார்த்து, “பத்தரைக்கு மேலதான் நல்ல நேரமே” என்றார். நானாகத் தேடியிருந்தாலும் இப்படி வாய்த்திருக்காது.

மூடியோடு வந்த இரும்புத் தொட்டி, மேலே கனமான கம்பி வலை. ஒரு மாதம் கராஜில் காய்ந்த விறகு. ஈரம் பார்க்கும் கருவியின் இரண்டு முள்ளையும் பிளந்த பக்கத்தில் குத்தினேன், 14 காட்டியது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. என் மனைவி தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தொட்டிக்கு மேல் காற்று நடுங்குவது மட்டும்தான் தெரிந்தது. பதினொன்றேகாலுக்குப் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மூன்று செங்கலையும் அம்மா விடவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்துத் தொட்டிக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தார்.

சாம்பலை இரண்டு முறை தண்ணீர் தெளித்து, மூடி போட்ட தகர டப்பாவில் அள்ளிச் சிமெண்ட் தரையில் வைத்தேன். மறுநாள் காலை தோட்டத்தில் போடலாம் என்று அம்மா டப்பாவைத் திறந்து குச்சியால் கிளறினார். அடியில் சிவப்பாக ஒரு கங்கு. மறுபடியும் மூடிவிட்டுக் குழாயைத் திறக்கப் போனேன்.