ஊரடங்கில் ஒரு சம்பளக் கணக்கு

2020 மார்ச் 30, திங்கள்

காலை 6 மணிக்குக் கொரோனா ஊரடங்கை எடுத்தார்கள். பின்னேரம் 2 மணிக்குத் திரும்பவும் போட்டுவிடுவார்கள். கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்குப் போன என் கணவர் அரிசி, பருப்பு, பால்மா என்று கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தார். மகன் வாசலில் நின்று அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால், அவனைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கார அக்கா வருகிறாவா என்று பார்த்தான்.

அக்கா எப்படி வருவது? அரசடித்தீவில் இருந்து பஸ் ஏறி, மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு வந்து, காத்தான்குடி தாண்டித்தான் இங்கே வரவேண்டும். பஸ் இல்லை. 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மகனுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போனதுதான்.

அக்காவின் சம்பளம் மாதம் 15,000 ரூபாய். "வந்த நாளுக்குக் கணக்குப் பார்த்துக் குடு மனே, அதுதான் முறை" என்கிறா அம்மா. நான் படிப்பிக்கிற பாடசாலையை 13ஆம் திகதியே மூடிவிட்டார்கள். என் சம்பளத்தில் யாரும் நாள் எண்ணிக் கழிக்கவில்லையே என்றேன். "நீ கவர்ண்மெண்ட்" என்றா. அது சரிதான். அக்காவுக்கு நான்தான் கவர்ண்மெண்ட் என்பதை அம்மாவுக்கு எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 2, வியாழன்

ஈசி கேஷில், போன் வழியாக, முழுச் சம்பளத்தையும் போட்டுவிட்டு அக்காவுக்குக் கோல் எடுத்தேன். சந்தோஷப்படுவா என்று நினைத்திருந்தேன், கோபப்பட்டா. "வராத நாளுக்கு என்னத்துக்கு டீச்சர்? மறுகா உங்கட முகத்த எப்பிடிப் பாக்கிற?" சும்மா வரும் காசு நிவாரணம் மாதிரி இருக்கிறதாம். நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கலாம், அதில் வெட்கமில்லை, எல்லோரும் நிற்கிறார்கள். ஆனால் தெரிந்த வீட்டில் இருந்து வாங்குவது வேறு என்றா.

அதை நிவாரணம் இல்லை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. கடைசியில், "நீங்க வேலைய விட்டிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். "இல்லையே." "நான் நிப்பாட்டினேனா?" "இல்ல." "அப்ப சம்பளம்தானே." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மகனிடம் போனைக் கொடுக்கச் சொன்னா. அவன் போனை நக்கினான்.

ஏப்ரல் 13, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. கோயிலும் இல்லை, சொந்தக்காரர் வீடும் இல்லை. ஏப்ரல் காசைக் கைவிசேஷமாக நினைத்துக் கொடு, புண்ணியமாவது கிடைக்கும் என்றா அம்மா. அம்மாவின் மனசில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆனால் கைவிசேஷம் பெரியவர்கள் மனமுவந்து கொடுப்பது, கொடுக்காமலும் விடலாம். சம்பளத்தை அப்படி விடமுடியாது. அக்காவின் கைவிசேஷத்தை வெற்றிலையில் சுற்றிச் சாமித்தட்டில் வைத்திருக்கிறேன். வெற்றிலை எப்படியும் காய்ந்துவிடும்.

ஏப்ரல் 22, புதன்

நேற்று முன்தினத்தில் இருந்து இங்கே பகலில் ஊரடங்கு இல்லை. அக்கரைப்பற்றுப் பக்கம் இன்னும் எடுக்கவில்லை. பஸ் ஒழுங்காக ஓடாததால் அக்காவை அவசரப்படுத்தவில்லை.

இன்று கணவரும் அம்மாவின் பக்கம் சாய்ந்தார். காசைக் கொடுப்போம், முற்பணமாக எழுதி வைப்போம், வந்தபிறகு மாதம் மாதம் கழிப்போம் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காவுக்கு ஏற்கெனவே நுண்கடன் இரண்டு இருக்கிறது. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கே வந்து வாங்குகிற கடன். ஊரடங்கு என்றபடியால்தான் லோன்காரர் வரவில்லை. மூன்றாவது கடன்காரியாக நான் போய் நிற்கவேண்டுமா? அதோடு, கழித்து முடியும்வரை அக்கா எங்கள் வேலையை விட்டு வேறு வீட்டுக்குப் போகவும் முடியாது. அது நல்ல கட்டுத்தான், எங்களுக்கு.

அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுத்ததே என்று இன்னொரு வாதம். அக்கா வீட்டில் ஆறு பேர்.

மே 20, புதன்

கணவருடைய ஹோட்டல் பாசிக்குடாவில். போன வருடம் ஈஸ்டர் குண்டுவெடிப்போடு படுத்தது. எழும்புகிற நேரத்தில் கொரோனா. முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் பேசி, வேலையில்லாமல் வீட்டில் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடவோ அதைக் கொடுக்கவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு 14,500தான். அக்காவுக்கு நாங்கள் கொடுப்பது அதைவிடக் கூட என்று சொல்லி அவரே சிரித்தார்.

எனக்கு வேறு யோசனை வந்தது. அவருக்காகப் பேச மேசையில் ஆட்கள் இருந்தார்கள். அக்காவுக்கு? 2016இல் வந்த குறைந்தபட்ச வேதனச் சட்டம்கூட வீட்டுவேலை செய்பவர்களை வெளியே விட்டுவிட்டது. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. அவர்களுக்கென்றே இருப்பது 1871இல் வெள்ளைக்காரன் போட்ட பதிவுச் சட்டம். அதுவும் வேலைக்காரரைக் கண்காணிக்கத்தான்.

இதற்கிடையில் அரச ஊழியர் மே மாதச் சம்பளத்தை, முழுதாகவோ பகுதியாகவோ, விரும்பினால் அரசாங்கத்துக்குக் கொடுக்கலாம் என்று ஜனாதிபதியின் செயலாளரிடம் இருந்து கடிதம். என் சம்பளத்தில் யாருக்குக் கொடுப்பது என்று நான் முன்னமே முடிவெடுத்துவிட்டேன்.

மோட்டார் சைக்கிள் லீசிங் தவணையைப் பிற்போட விட்டிருக்கிறார்கள். பிறகு வட்டியோடு வரும், தெரியும். இப்போதைக்கு அந்தக் காசு அக்காவின் சம்பளத்துக்குப் போகிறது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை, கணக்குக் கொப்பியில் அவரே எழுதினார்.

ஜூன் 29, திங்கள்

இன்று ஆசிரியர்களை மட்டும் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் அடுத்த கிழமையில் இருந்து வகுப்பு வகுப்பாக வருவார்களாம். அக்கா ஏழு மணிக்கே வந்துவிட்டா. மகன் அவவைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்தான். பத்து நிமிடத்தில் இடுப்பில் ஏறிவிட்டான்.

பின்னேரம் கொப்பியில் இரண்டு வரி எழுதி வாசித்துக் காட்டினேன்: இனி ஊரடங்கு வந்தாலும், மகனுக்கோ அக்காவுக்கோ சுகமில்லாமல் போனாலும் சம்பளம் நிற்காது. வேலையை விடுவதென்றால் இரண்டு பக்கமும் ஒரு மாதம் முன்னுக்குச் சொல்லவேண்டும். அக்கா தலையாட்டினா, ஆனால் அவவுக்கு வேறொன்று தேவைப்பட்டது.

"சம்பளத்தக் கையில தராதீங்க டீச்சர். போன்லயே போடுங்க. கையில வாங்கினா நான் பஸ்ஸால இறங்க முந்தியே கேக்க ஆள் நிக்கிது."

அதையும் மூன்றாவது வரியாக எழுதினேன்.