ஃபிலடெல்ஃபியாவின் இரண்டு பேர்

பேட் மார்ட்டினோ பற்றிப் படித்ததிலிருந்து மனது அதிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1944இல் பிறந்த ஜாஸ் கிதார் கலைஞர். பதின்ம வயதிலேயே தொழில்முறையாக வாசிக்கத் தொடங்கியவர். 1980இல் மூளையில் ரத்தக்குழாய்க் கோளாறுக்கு அறுவை சிகிச்சை. கண் விழித்தபோது பெற்றோரையே அடையாளம் தெரியவில்லை. கிதாரும் மறந்துபோயிருந்தது. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? தான் முன்பு வாசித்த இசைத்தட்டுகளையே கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பை மீட்டெடுத்தார். தன்னிடமே சீடனாகச் சேர்வது மாதிரி! 1987இல் மறுபடியும் இசைத்தட்டு வெளியிட்டார். 2021இல் மறையும் வரை ஃபிலடெல்ஃபியாதான் அவர் ஊர்.

அதே ஊரின் ஐஸ் ஹாக்கி அணியில் ஆடியவர் பாபி கிளார்க். சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். அதனாலேயே பல அணிகள் அவரை எடுக்கத் தயங்கின. 1969இல் ஃபிலடெல்ஃபியாவின் அணியான ஃப்ளையர்ஸ் எடுத்தது. 1974, 1975 என இரண்டு முறை ஸ்டான்லி கோப்பையை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பை) வென்றார், அணித் தலைவராக.

1979இல் ஆடிக்கொண்டே துணைப் பயிற்சியாளரும் ஆனார். பயிற்சியாளராக இருப்பவர் தலைவராக இருக்க முடியாது என்பது லீக் விதி. அதனால் தலைவர் பொறுப்பை விட்டுக்கொடுத்தார். அந்தப் பருவத்தில்தான் அணி தொடர்ந்து 35 ஆட்டங்கள் தோற்காமல் ஆடியது. இறுதிச்சுற்றில் தோற்றது, சரி. ஆனால் அந்த 35ஐ எனக்கு மறக்க முடியவில்லை.

மார்ட்டினோவின் பழைய தட்டு ஒன்றை இன்று இரவு மறுபடி கேட்கப்போகிறேன்.