சோய்யா முள்ளும் ஒரு சீப்பும்

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில், பின்டோ பேசின் சாலையோரம் ஒரு கள்ளித் தோட்டம் இருக்கிறது. யாரும் நட்டதல்ல, தானாக மண்டியது. விடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் பின்னாலிருந்து விழுந்ததும் முள்ளெல்லாம் வெள்ளிப் பஞ்சாக மின்னியது. இந்தக் கள்ளிக்கு 'டெடி பேர் சோய்யா' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. பார்த்தால் தடவிக் கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து தொட்டுவிடாதீர்கள்.

நான் செடியைத் தொடவேயில்லை. மேலே பார்த்தபடி நடந்தேன், அவ்வளவுதான். உதிர்ந்து கிடந்த எலுமிச்சை அளவுத் துண்டு ஒன்று ஷூவில் ஒட்டி, அடுத்த எட்டில் மறுகாலின் கெண்டைச் சதையில் ஏறிவிட்டது. 'குதிக்கும் கள்ளி' என்பார்கள். உண்மையில் அது குதிப்பதில்லை. லேசாக உரசினாலே துண்டு கழன்றுவிடும். இதன் விதை பெரும்பாலும் முளைக்காது. விழுந்த துண்டுதான் வேர்விட்டு அடுத்த செடியாகிறது. யார் மீதாவது ஒட்டிக்கொண்டு இடம் மாறுவதுதான் அதன் பிழைப்பு.

கை தானாகக் காலுக்குப் போனது. கணவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். இல்லையென்றால் விரல்களும் மாட்டியிருக்கும். அகலப்பல் சீப்பைத் தோலுக்கும் துண்டுக்கும் நடுவே நுழைத்து, ஆளில்லாத பக்கமாக ஒரே வீச்சில் தள்ளினார். முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் பின்னோக்கிப் படிந்திருக்கின்றன. உள்ளே வழுக்கிப் போகும், திரும்பும்போது சதையைக் கவ்வும். மிச்ச முட்களை இடுக்கியால் இழுத்தபோது தோல் கூடாரம் மாதிரி எழும்பி நின்றது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவினோம்.

ஆனால் என் வலியைவிட, வாகன நிறுத்தத்தில் பார்த்ததுதான் மனதைவிட்டு அகலவில்லை. பூங்காவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை. சாலையோரம், வாகன நிறுத்தம் போன்ற இடங்களில் ஆறடிக்குள் கயிறு கட்டிக் கூட்டிப் போகலாம். ஓரமாக மோந்துகொண்டிருந்த ஒரு நாயின் பாதத்தில் துண்டு ஏறிவிட்டது. அது பாவம், வாயால்தானே பிடுங்கும்? நொடியில் உதடு, நாக்கு எல்லாம் முள். பாதத்தில் இருந்ததைச் சீப்பால் தள்ளிவிட்டோம். வாய்க்குள் இருந்ததை யாரும் தொடவில்லை. அதற்குப் பெரும்பாலும் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நாயைக் கூட்டி வந்தவர்கள் உடனே கிளம்பினார்கள். பின் இருக்கையில் ஒரு சிறுமி நாயின் தலையை மடியில் தாங்கி, அது மறுபடி முகத்தைத் தேய்த்துவிடாமல் முன்னங்கால்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு போனாள்.