காலியாக இருக்கும் 2 டப்புகள்

சிகாகோவின் தெற்குப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்டில் 16 டப்புகள் கொண்ட ஒரு ரேக் நிற்கிறது. அவற்றில் 14 டப்புகளில் பால் பைத்தான் என்ற சிறிய மலைப்பாம்புகள் இருக்கின்றன, 2 காலி. அந்த இரண்டில் எந்த மார்ஃபை, அதாவது எந்த நிற வகையை, வைப்பது என்று கடந்த கோடையில் தொடங்கிய யோசனை, அக்டோபரில் டின்லி பார்க்கில் நடக்கும் ஊர்வனக் கண்காட்சி வரை நீண்டது. என்ன வாங்கினேன் என்பதைவிட எவற்றையெல்லாம் வாங்காமல் திரும்பினேன் என்பதைச் சொல்லத்தான் எனக்கு விருப்பம் அதிகம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் 'பால் பைத்தான்' என்று சொன்னபோது, "ஏன்டா, அது பாலா குடிக்குது?" என்றுதான் கேட்டார். பாம்புக்குப் பால் வார்த்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். இந்த 'பால்' ஆங்கிலத்தில் பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும் இந்தச் சிறிய மலைப்பாம்பு, கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தது. பிரிட்டனில் இதையே ராயல் பைத்தான் என்பார்கள். காட்டில் இருப்பது கரும்பழுப்புத் தோலில் மண் நிறத் திட்டுகள் கொண்டது. மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் நிறமோ கோலமோ வேறுபட்டு, அந்த வேறுபாடு பிள்ளைகளுக்கும் இறங்குமானால் அதை மார்ஃப் என்கிறோம். அல்பினோவின் மரபுவழி 1992இல் இனப்பெருக்கம் செய்து நிரூபிக்கப்பட்டது. வெள்ளை உடலில் திட்டுத் திட்டாக நிறம் கொண்ட பைபால்ட் 1997இல். இன்று இவற்றைக் கலந்து உருவாக்கிய சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கண்காட்சி மேசைகளில் அவை வளையல் கடைபோல மினுக்குகின்றன.

பொழுதுபோக்காக வளர்ப்பவருக்கு இங்கே பணத்தைவிடக் காலம்தான் பெரிய தட்டுப்பாடு. பெண் பாம்பு ஏறக்குறைய 1,500 கிராம் எடைக்கு வந்த பிறகுதான் இணை சேர்ப்பது நல்லது; அதற்கு 3 ஆண்டுகள் பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் முட்டையிடாது, சில ஆண்டுகளில் இடாமலும் போகும். இட்டால் சராசரியாக 6 முட்டை. அவை 31, 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 மாதம் அளவுக்கு இருந்து பொரிக்க வேண்டும். ஆகவே இன்று ஒரு குட்டியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், அது தவறு என்று தெரியவருவதற்கே 4 ஆண்டுகள் ஆகிவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அக்ஸாந்திக் என்றொரு மார்ஃப் இருக்கிறது. மஞ்சள் நிறமி இல்லாததால் பாம்பு முழுவதும் வெள்ளியும் சாம்பலும் கருப்புமாக, பழைய புகைப்படம்போல இருக்கும். என்னிடம் ஓர் அக்ஸாந்திக் பெண் இருந்தாள். அவளுக்கு இணையாக இன்னொருவரிடம் ஓர் அக்ஸாந்திக் ஆணை வாங்கினேன். மெண்டலின் பட்டாணிச் செடியைப் பத்தாம் வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது: இது ஒடுங்கு மரபணு; தாய் தந்தை இருவரிடமும் வெளிப்பட்டிருந்தால் பிள்ளைகள் அத்தனையும் அப்படியே பிறக்க வேண்டும். பெண் வளர்ந்து, 7 முட்டைகளிட்டு, 57ஆம் நாள் காலையில் முதல் முட்டையின் தோல் கீறப்பட்டிருந்தது. அந்தக் கீறலில் ஈரத்தோடு நீட்டிக்கொண்டிருந்த மூக்கின் நுனியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், பழுப்பு. அடுத்த நாள் மாலைக்குள் எழுவரும் தலைகாட்டினார்கள். எழுவரும் மண் நிறம். அப்பனும் ஆத்தாளும் சாம்பல், பிள்ளைகளில் ஒன்றுகூடச் சாம்பல் இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அக்ஸாந்திக் என்ற ஒரே பெயரில் வி.பி.ஐ., டி.எஸ்.கே. என்று வெவ்வேறு வம்ச வழிகள் இருக்கின்றன. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒரு வழியின் குறையை மற்ற வழியின் நல்ல மரபணு மறைத்துவிடும். விற்றவர் வழியைக் குறிப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஏழும் இரண்டு வழிகளையும் ஒளித்துச் சுமப்பவை, எங்கள் பேச்சில் 'டபுள் ஹெட்' ('ஹெட்' என்பது ஹெட்டரோசைகஸ் என்பதன் சுருக்கம்). ஏட்டுக்கு அது நல்ல பெயர்தான், ஆனால் அவற்றை யாருக்கும் விற்கும் துணிவு எனக்கு வரவில்லை. நல்ல வீடுகளுக்குச் செல்லப்பிராணிகளாகக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து வழியும் பெற்றோரின் படமும் இல்லாத பாம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் மேசையைவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அடுத்து, அழகுக்காக ஒருபோதும் வாங்கக் கூடாது என்று வைத்திருக்கும் பட்டியல். அதில் முதலிடம் ஸ்பைடருக்கு. 1999இல் நிரூபிக்கப்பட்ட இந்த மார்ஃபின் மெல்லிய கருங்கோடுகள் உண்மையிலேயே அழகானவை. ஆனால் அந்த மரபணுவைச் சுமக்கும் பாம்புகளுக்குக் கூடவோ குறையவோ தலையாட்டம் இருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு ஸ்பைடர் இரை எடுப்பதைப் பார்த்தேன். இடுக்கியில் எலியை நீட்டியதும் அதன் தலை திருகாணிபோலச் சுழன்று, மோவாய் மேலே பார்க்க நின்றது. அந்த நிலையிலேயே பாய்ந்து ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைக் கவ்வியது. மூன்றாம் முறைதான் எலி கிடைத்தது. "நல்லாத்தான் சாப்பிடுது" என்றார் நண்பர். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸ்பைடர்களின் உட்காதைப் படம் எடுத்துப் பார்த்தபோது, சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களே உருக்குலைந்திருந்தன. ஆகவே 'நல்ல வழியில் வந்த ஸ்பைடருக்கு ஆட்டம் இருக்காது' என்று மேசைக்குப் பின்னால் நிற்பவர் சொன்னால் நான் நம்புவதில்லை. ஷாம்பெயினுக்கும் இதே தொல்லை உண்டு. சின்னமனின் இரட்டைப் பிரதியான சூப்பர் சின்னமனில் வாத்து அலகு போன்ற மூக்கும் முதுகெலும்புக் கோணலும் வரக்கூடும். கேரமல் அல்பினோவிலும் எலும்புக் கோணல் பேசப்படுகிறது. டெசர்ட் மார்ஃபின் பெண்கள் முட்டையிடும்போது படும் பாட்டைக் கேள்விப்பட்டவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். (இதையும் நான் அடுத்துப் பேசப்போகும் டெசர்ட் கோஸ்ட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்; பெயர்தான் ஒன்றுபோல, மரபணு வேறு.)

கண்காட்சியில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஒரு பனானா ஆண். ஒரு காலத்தில் கார் விலைக்கு விற்ற மஞ்சளும் இளஊதாவும் கலந்த இந்த மார்ஃப் இன்று ஓரிரு நூறு டாலருக்குள் கிடைத்துவிடும். ஆனால் இதன் மரபணு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால் தந்தை யார், தாய் யார் என்பது முக்கியமாகிறது. தாயிடமிருந்து பனானாவைப் பெற்ற ஆண், தன் பனானாவைப் பெரும்பாலும் மகள்களுக்கே கொடுக்கும்; தந்தையிடமிருந்து பெற்றதோ பெரும்பாலும் மகன்களுக்கே கொடுக்கும். வளர்ப்பவர்கள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து 'ஆண் மேக்கர்', 'பெண் மேக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாம்புகள் எல்லாவற்றுக்கும் பறவைகளைப்போலப் பெண்ணிடம்தான் இருவேறு பால் குரோமோசோம்கள் இருக்கும் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பைத்தானில் மனிதரைப்போல ஆண்தான் எக்ஸ்-ஒய் என்று 2017இல் ஆய்வுக்கூடம் உறுதிசெய்தபோது, பேஸ்மென்ட் நோட்டுப்புத்தகங்கள் சொன்னதே சரி என்று ஆயிற்று. எனக்கு வேண்டியிருந்தது பெண் மேக்கர். மேசைக்காரருக்கோ அந்தக் குட்டியின் பனானா யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

கடைசியில் முடிவைத் தீர்மானித்தது ஏற்கெனவே வீட்டில் இருந்த பெண்கள்தான். என்னிடம் 2 கிளவுன் பெண்கள் இருக்கிறார்கள். முதுகு நெடுகக் கரும்பட்டையும் கண்ணுக்குக் கீழே கண்ணீர்த் துளி போன்ற குறியும் கொண்டவர்கள். கிளவுன், டெசர்ட் கோஸ்ட் இரண்டையும் ஒளித்துச் சுமக்கும் டபுள் ஹெட் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். இரண்டு மரபணுக்களும் ஒடுங்கியவை. அவளுக்கு இன்னொரு டபுள் ஹெட் ஆணைச் சேர்த்தால், இரண்டும் வெளிப்பட்ட குட்டி பிறக்க ஒவ்வொரு முட்டைக்கும் பதினாறில் ஒரு வாய்ப்பு. 6 முட்டையில் ஒன்றாவது கிடைக்க 32 விழுக்காடு. டெசர்ட் கோஸ்ட் வெளிப்பட்டு, கிளவுனை ஒளித்துச் சுமக்கும் ஆணைச் சேர்த்தால் எட்டில் ஒன்று. 6 முட்டையில் 55 விழுக்காடு. அதே ஆண் கிளவுன் பெண்களிடமும் பாதிக்குப் பாதி கிளவுன் குட்டிகளைத் தரும். அத்தனையும் டெசர்ட் கோஸ்ட்டைச் சுமக்கும். ஓர் ஆணைக்கொண்டு 3 பெண்களுக்கும் வேலை முடிகிறது என்பதால்தான் புதிய மரபணுவை ஆண் வழியாகக் கொண்டுவருவது சிக்கனம்.

கண்காட்சி மேசை ஒன்றில் ஐந்து மரபணு கலந்த ஒரு ஆண் இருந்தது, விலையும் குறைவு. அதை வாங்கியிருந்தால் அடுத்த ஆண்டே 'ரேக் நிறைய வண்ணம்' என்று படம் எடுத்திருக்கலாம். ஆனால் குட்டியின் நிறம் குட்டிக்கானது. பாஸ்டல் போன்றவை வளர வளரப் பழுப்பேறுகின்றன. பனானாவுக்கு வயதானால் கரும்புள்ளிகள் விழுகின்றன. டெசர்ட் கோஸ்ட்டோ குட்டியில் சாதாரணமாக இருந்து வயதுக்கு வயது வெளுத்து மெருகேறும். யாரும் வாங்காமல் 20 ஆண்டுகள் என் டப்பிலேயே இருந்தாலும் சலிக்காத பாம்பு எது என்று கேட்டுக்கொண்டேன். வாங்கியது டெசர்ட் கோஸ்ட் ஆண், பெற்றோர் இருவரின் படத்தோடு.

இரண்டாவது டப் காலியாகவே இருக்கிறது. பிறக்கப்போகும் மகள்களைத் தந்தையோடே சேர்ப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் வளரும் காலத்தில் உறவில்லாத இன்னோர் ஆண் அங்கே வரும்.

புதியவன் இப்போது மாடியில், மற்றவர்களிடமிருந்து 90 நாள் விலக்கப்பட்ட அறையில் இருக்கிறான். சுவாச நோயைப் பரப்பும் நைடோவைரஸ் ஒரு ரேக்கையே காலிசெய்துவிடும் என்பதால் அவனுக்குத் தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். எடை 412 கிராம். மூன்றாம் வாரத்தில்தான் தன் முதல் எலியை எடுத்தான். நேற்று முதல்முறையாக எங்கள் வீட்டில் சட்டை உரித்தான், மூக்கிலிருந்து வால் நுனிவரை கிழியாமல். கிளவுனை உண்மையிலேயே சுமக்கிறானா என்று அறிய அதில் ஒரு துண்டை வெட்டி, உலர்த்தி, உறையில் போட்டு, மரபணுச் சோதனைக்கு இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.